‘ஐந்தில் ஒருவர் நம்புகிறார்’ என்ற கணக்கு எப்படி வந்தது?

கேள்வி – 9 மார்ச் 2024

கொரோனாக் கிருமியை யூதர்கள்தான் உருவாக்கினார்கள் என்று இங்கிலாந்தில் ஐந்தில் ஒருவர் நம்புவதாக 2020-இல் ஒரு கருத்துக்கணிப்பு வந்ததாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் எடுத்தது என்று இன்று ஒரு கூட்டத்தில் பேசியவர் சொன்னார். பள்ளிக்கூடமும் நூலகமும் இல்லாத ஊரே இல்லை என்கிற நாட்டில் இதுதான் நிலைமை என்றால், மக்களிடம் உண்மையை எடுத்துச் சொல்லி என்ன பயன்?

பதில் – 9 மார்ச் 2024, இரவு

அந்தக் கருத்துக்கணிப்பு உண்மையாகவே நடந்தது. எண்ணும் அவர்கள் வெளியிட்ட எண்தான். ஆனால் அந்த எண்ணில் பாதிக்கு மேல் மக்களின் மனத்திலிருந்து வந்ததல்ல, வினாத்தாளிலிருந்து வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் தலைமையிலான குழு 2020 மே 4 முதல் 11 வரை இங்கிலாந்தில் வயதுவந்த 2501 பேரிடம் இணையம் வழியாகக் கேள்விகளைக் கேட்டது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு கூற்று. ‘பொருளாதாரத்தைக் குலைத்துப் பண ஆதாயம் அடைவதற்காக யூதர்கள் இந்தக் கிருமியை உருவாக்கினார்கள்’ என்பது அவற்றில் ஒன்று. பதில் சொல்வதற்கு ஐந்து கட்டங்கள் இருந்தன: உடன்படவில்லை, சிறிதளவு உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், பெரிதும் உடன்படுகிறேன், முற்றிலும் உடன்படுகிறேன்.

அந்த ஐந்தையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மறுப்பதற்கு ஒரே ஒரு கட்டமும், ஏற்பதற்கு நான்கு கட்டங்களும் இருக்கின்றன. தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ‘உடன்படவில்லை’ என்றார்கள். மீதமிருந்த நான்கு கட்டங்களில் விழுந்தவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டியபோது வந்ததுதான் இந்த ‘ஐந்தில் ஒருவர்’. சிறிதளவு உடன்படுகிறேன் என்று தொட்டுவிட்டுப் போனவரும், முற்றிலும் உடன்படுகிறேன் என்று அழுத்தியவரும் செய்தித்தாளின் தலைப்பில் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

நான் பதினோரு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்தவள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாளை இன்னும் எழுதுகிறேன்.

10 மார்ச் 2024

‘சிறிதளவு உடன்படுகிறேன்’ என்ற கட்டத்தைப் பற்றித்தான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் வீடுகளில் ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் ‘முடியாது’ என்று பொருள். ‘அப்படியும் இருக்கலாம்’ என்றால், ‘நான் நம்பவில்லை, ஆனால் உங்களோடு சண்டை போட விரும்பவில்லை’ என்று பொருள். கல்யாணத்துக்கு வரச்சொல்லி அழைத்தால் ‘கண்டிப்பாக வருகிறேன்’ என்பவரும் ‘வரப் பார்க்கிறேன்’ என்பவரும் ஒன்றல்ல என்று சமையல்காரருக்குக்கூடத் தெரியும்; இரண்டாமவருக்கு இலை போடமாட்டார்கள். எந்த மொழிக்காரராக இருந்தாலும் மனிதர்கள் மறுப்பை மெத்தென்று சொல்வதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த வழியைக் கொண்டுபோய் ‘ஏற்கிறார்’ என்ற பக்கத்தில் ஒருவர் எழுதி வைத்துவிட்டால், மரியாதைக்காகச் சொன்ன சொல் நம்பிக்கையாகப் பதிவாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒரே கூற்றில் மூன்று செய்திகள் இருக்கின்றன: கிருமி மனிதர்களால் உருவாக்கப்பட்டது; உருவாக்கியவர்கள் யூதர்கள்; நோக்கம் பணம். ஆய்வுக்கூடத்திலிருந்து ஏதோ வெளியே வந்திருக்கலாம் என்று மட்டும் நினைத்த ஒருவர், முதல் பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சிறிதளவு’ என்று தொட்டிருக்கக்கூடும். அவரையும் யூத வெறுப்பாளர் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

10 மார்ச் 2024, மாலை

ஒருவர் கீழே ‘ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்களைப் பொறுக்கிக் கேட்டிருப்பார்கள்’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வயது, பாலினம், வருமானம், வட்டாரம் ஆகியவை நாட்டின் மக்கள்தொகையோடு பொருந்தும்படிதான் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். சதிக்கோட்பாட்டை ஆராய்ந்தவர்கள் மீதே ஒரு சதிக்கோட்பாட்டைச் சுமத்துவது சரியல்ல. ஃப்ரீமன் மருத்துவ உளவியலாளர். பல ஆண்டுகளாக அச்ச உணர்வு, ஐய உணர்வு ஆகியவற்றால் துன்பப்படுவோருக்காக உழைத்து வருபவர். வலி எவ்வளவு என்று கேட்கும்போது ‘இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிகுதி, தாங்க முடியவில்லை’ என்று கேட்பதுதான் முறை, ஏனென்றால் வலி இல்லாமைக்கு அளவுகள் இல்லை. அந்த அளவுகோலைக் கருத்து கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. கருத்து விஷயத்தில் மறுப்புக்கும் அளவுகள் உண்டு.

12 மார்ச் 2024

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 2006-இல் நடந்ததை இங்கே பதிந்து வைக்க விரும்புகிறேன்.

குழந்தைகளின் படிப்பைப் பற்றிய வினாத்தாள் அது. திண்ணையில் ஒரு பாட்டி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பசைக் கிண்ணம் இடப்பக்கம், ஒட்டி முடித்த பெட்டிகள் வலப்பக்கம், கை நிற்கவே இல்லை. ‘பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ப்பதே நல்லது’ என்று படித்துக் காட்டி, உடன்படுகிறீர்களா என்று கேட்டேன். ‘ஆமா தாயி’ என்றார். இருபது நிமிடம் கழித்து, ‘பிள்ளைகள் தாய்மொழி வழியில் படிப்பதே நல்லது’ என்ற கூற்று வந்தது. அதற்கும் தலையை நிமிர்த்தாமல், ‘நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தாயி’ என்றார்.

இரண்டு கட்டங்களிலும் ‘உடன்படுகிறேன்’ என்று நான் குறித்தேன். பாட்டி கேள்வியைக் கவனிக்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘இசைவுச் சாய்வு’ என்று சொல்லலாம். எந்தக் கூற்றைப் படித்தாலும் ‘ஆமாம்’ என்று சொல்லும் பக்கம் சாய்வது. ஹோவர்டு ஷூமன், ஸ்டான்லி பிரெசர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் செய்து 1981-இல் நூலாக வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதை அப்படியே காட்டுகிறது. குற்றங்களுக்குச் சமூக நிலைமையைவிடத் தனிமனிதர்களே காரணம் என்ற கூற்றை ஒரு பாதிப் பேரிடமும், தனிமனிதர்களைவிடச் சமூக நிலைமையே காரணம் என்ற கூற்றை மறுபாதிப் பேரிடமும் படித்தார்கள். இரண்டு கூற்றுக்கும் பெரும்பான்மை உடன்பாடு கிடைத்தது. அமெரிக்கர்களும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சதிக்கோட்பாட்டைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இப்படி ஒரு பக்கக் கூற்றாகவே எழுதப்படுகின்றன. ஆகவே ‘ஆமாம்’ என்று தலையாட்டும் ஒவ்வொருவரும் சதியை நம்புபவராகவே பதிவாகிறார்.

13 மார்ச் 2024

இதற்கு எண் கேட்டவர்களுக்கு: சேத் ஹில், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகியோர் அமெரிக்காவிலும் சீனாவிலும் ஆய்வு நடத்தி, இந்த இசைவுச் சாய்வால் சதி நம்பிக்கைகளின் அளவு 50 விழுக்காடு வரை மிகைப்படுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அரசியல் பற்று மிகுந்தவர்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது என்பது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ‘அந்தக் கட்சிக்காரர்களா, அவர்கள் எதையும் நம்புவார்கள்’ என்று நாம் கணிப்பைக் காட்டிப் பேசும் பேச்சில் ஒரு பகுதி, நம்பிக்கையை அளந்ததே அல்ல, தலையாட்டலை அளந்தது.

13 மார்ச் 2024, இரவு

50 விழுக்காடு என்பதை ‘மொத்த மக்களில் பாதி’ என்று ஒரு நண்பர் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படி அல்ல. உண்மையில் 20 பேர் நம்பும் இடத்தில் 30 பேர் நம்புவதாகக் காட்டக்கூடும் என்று பொருள். ஒன்றரை மடங்கு வரை.

இதை எழுதும்போதே என் முதல் குறிப்பு கண்ணில் பட்டது. ‘பாதிக்கு மேல் வினாத்தாளிலிருந்து வந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த அளவும் இல்லை. கோபத்தில் எழுதிய சொல். அடுத்தவர் எண்ணை ஊதிக் காட்டினார் என்று சொல்ல வந்த நானே ஓர் எண்ணை ஊதியிருக்கிறேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

17 மார்ச் 2024

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. ஆக்ஸ்ஃபோர்டு முடிவு வெளியான அதே ஆண்டிலேயே அதே இதழில் மறுப்புகள் வந்தன. சாலி மக்மானஸ், ஜோனா டார்டென், சைமன் வெஸ்லி ஆகிய மூவரும், தவறாக வழிநடத்தும் சான்று சான்றே இல்லாமலிருப்பதைவிடக் கூடுதலாகக் கெடுக்கும் என்று எழுதினார்கள். கென்ட் பல்கலைக்கழகத்தின் ராபி சட்டனும் கேரன் டக்ளஸும் இன்னும் ஒரு படி மேலே போய், அதே கூற்றுகளை மறுப்புக்கும் ஏற்புக்கும் சமமான கட்டங்கள் வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். ஏற்பவர்களின் அளவு நன்றாகவே இறங்கியது. ஜான் கேரி, ராப் ஃபோர்டு, ராப் ஜான்ஸ் ஆகியோரும் தனியே ஓர் ஆய்வு செய்து அதே திசையில்தான் முடிவு கண்டார்கள்.

மூன்று குழுக்கள் சொன்ன இந்தத் திருத்தம் எத்தனை பேரை எட்டியது? கேள்வி கேட்டவருக்கு நான்கு ஆண்டுகள் கழித்தும் முதல் எண்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

18 மார்ச் 2024

‘எண் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன, மக்களை எச்சரித்தது நல்லதுதானே’ என்று கேட்டிருக்கும் அம்மாவுக்கு.

அந்தத் தலைப்பை மான்செஸ்டரில் ஒரு யூதக் குடும்பம் காலையில் படித்திருக்கும். தெருவில் எதிரே வரும் ஐந்து பேரில் ஒருவர் தன்னைக் கொலைகாரன் என்று நினைக்கிறார் என்ற எண்ணத்தோடு அந்த வீட்டுப் பிள்ளை வெளியே போயிருக்கும். அதே தலைப்பை உண்மையாகவே யூதர்களை வெறுக்கும் ஒருவரும் படித்திருப்பார். தன்னோடு நாட்டில் ஐந்தில் ஒருவர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெம்பு வந்திருக்கும். இரண்டு பேருக்கும் நாம் தப்பான செய்தியைச் சொல்லியிருக்கிறோம்.

முஸ்லிம்களைப் பற்றியும் அதே வினாத்தாளில் ஒரு கூற்று இருந்தது. மேற்கத்திய விழுமியங்களைத் தாக்குவதற்காக அவர்கள் கிருமியைப் பரப்புகிறார்கள் என்று. அதற்கும் ஏறத்தாழ அதே எண்தான் வந்தது. அதைப் படித்தபோது 2020 ஏப்ரலில் எங்கள் தெருவுக்குப் பழவண்டி தள்ளிக்கொண்டு வந்த பாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது. டெல்லி நிஜாமுதீன் கூட்டத்தை வைத்துத் தொலைக்காட்சிகள் ஓயாமல் பேசிய வாரம் அது. அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது எழுத முடியவில்லை.

24 மார்ச் 2024

கீழே நடக்கும் பேச்சு கொஞ்சம் விலகிப் பல்லி மனிதர்களிடம் போய்விட்டது. போகட்டும், அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

பப்ளிக் பாலிசி போலிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2013-இல் 1247 வாக்காளர்களிடம் பல சதிக்கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டது. உருமாறும் பல்லி மனிதர்கள் உலகை ஆள்கிறார்கள் என்பதற்கு 4 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 7 விழுக்காட்டினர் உறுதியாகத் தெரியாது என்றார்கள். 4 விழுக்காட்டை நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கி, ஒரு கோடியே இருபது லட்சம் அமெரிக்கர்கள் பல்லி மனிதர்களை நம்புகிறார்கள் என்று தலைப்புப் போட்டார்கள். கணக்கின் அடியில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். பதிவுசெய்த குரல் தொலைபேசியில் கேள்வியைப் படிக்க, இவர்கள் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அதில் கை தவறி அழுத்தியவர் உண்டு, சிரித்துக்கொண்டே அழுத்தியவர் உண்டு, அடுத்த கேள்விக்குப் போகும் அவசரத்தில் அழுத்தியவர் உண்டு. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் இப்படிச் சில விழுக்காடு அடியில் படியும் வண்டல் போல வந்துகொண்டே இருக்கும். 60 விழுக்காட்டினர் நம்பும் ஒன்றை அளக்கும்போது அந்த வண்டல் தெரியாது. 4 விழுக்காட்டை அளக்கும்போது கிண்ணத்தில் இருப்பதே வண்டலாக இருக்கலாம்.

25 மார்ச் 2024

இல்லாத சதியை உருவாக்கிக் கேட்டுப் பார்த்ததுண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு.

எரிக் ஆலிவர், தாமஸ் வுட் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சுருள் மின்விளக்குகளை அரசு கொண்டுவருவது மக்களை எளிதில் அடங்கி நடக்கச் செய்வதற்காகவே என்ற கூற்றைத் தாங்களே புனைந்து சேர்த்தார்கள். 11 விழுக்காட்டினர் உடன்பட்டார்கள். சாப்மன் பல்கலைக்கழகம் 2016-இல் நடத்திய அமெரிக்கர்களின் அச்சங்கள் குறித்த கணிப்பில், ‘வட டக்கோட்டா விபத்து’ பற்றித் தெரிந்ததை அரசு மறைக்கிறது என்ற கூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கினர் உடன்பட்டார்கள். அப்படி ஒரு விபத்தே கிடையாது. ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது.

27 மார்ச் 2024

வட டக்கோட்டாவைப் பற்றி நான் எழுதியதை இரண்டு நாள் அசைபோட்டுப் பார்த்ததில், அது அந்த மக்களுக்கு நியாயம் செய்யவில்லை என்று தோன்றுகிறது. ‘இல்லாததை நம்புகிறார்கள்’ என்ற தொனி அதில் வந்துவிட்டது. அவர்களிடம் விபத்து நடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அரசு மறைக்கிறதா என்றுதான் கேட்டார்கள். கேள்வி கேட்பவர் ஒரு விபத்தின் பெயரைச் சொன்னால், அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு, ஏமாற்றியது கேள்வி. நடந்திருந்தால் அரசு எதையாவது மறைத்திருக்கும் என்பதும் வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லக்கூடிய சொல்தான். அந்த மூன்றில் ஒரு பங்கு, அரசின் மீதுள்ள அவநம்பிக்கையின் அளவு. அதை அளக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குச் சதிக்கோட்பாடு என்று பெயர் வைக்க முடியாது.

சாத்தூர்ப் பாட்டியைப் பற்றியும் மறுபடி நினைத்தேன். அவர் கேள்வியைக் கவனிக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? ஆங்கிலத்தில் படிப்பதும் நல்லது, தாய்மொழியில் படிப்பதும் நல்லது. இரண்டும் அவருக்கு உண்மையாகவே நல்லதாக இருந்திருக்கலாம். எது மேல், ஏன் மேல் என்று நான் கேட்கவே இல்லை. அவர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார்.

6 ஏப்ரல் 2024

ஒரே கொடுமை இரண்டு முறை தவறாக அளக்கப்பட்ட கதை இது. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்க யூதக் குழு என்ற அமைப்புக்காக ரோப்பர் நிறுவனம் 1992-இல் எடுத்த கணிப்பு 1993-இல் வெளியானது. வாஷிங்டனில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்ட வேளை. அதில் கேட்கப்பட்ட கேள்வியை முடிந்தவரை அப்படியே தமிழில் தருகிறேன்: ‘நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது ஒருபோதும் நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா?’ 22 விழுக்காட்டினர் சாத்தியம் என்றார்கள். 12 விழுக்காட்டினர் தெரியாது என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கர்கள் இனப்படுகொலையை ஐயப்படுகிறார்கள் என்று நாடு அதிர்ந்தது. முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் அப்போது ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் காதில் அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தாலே தாங்கவில்லை.

பிறகு 1994-இல் ரோப்பர் நிறுவனமே கேள்வியைத் திருத்திக் கேட்டது: ‘அது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, அல்லது நடந்தது என்று உறுதியாக நினைக்கிறீர்களா?’ சாத்தியம் என்றவர்கள் 1 விழுக்காடு. உறுதியாக நடந்தது என்றவர்கள் 91 விழுக்காடு. நாட்டு மக்கள் ஓரிரு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. ‘நடக்கவே இல்லை’ என்பதன் மேல் ‘சாத்தியமில்லை’ என்ற இன்னொரு இல்லையை ஏற்றி வைத்ததில், சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரான பதிலைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பர்ன்ஸ் ரோப்பர் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவரை நான் மதிக்கிறேன்.

பழைய கேள்வியை இன்று காலை என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் முழுதாகக் கேட்டுவிட்டு, ‘இல்ல’ என்றார். எது இல்லை என்று கேட்டேன். ‘நடக்காம இல்ல’ என்றார். பிறகு அவரே, ‘இரு, நீ என்ன கேட்ட?’ என்றார். தமிழில் ‘சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று தொடங்க வேண்டும். எதிர்மறையில் கேட்ட கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன நினைத்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு அமெரிக்காவில் பதில் குறித்தவர்கள் ‘எது இல்லை?’ என்று திருப்பிக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க எங்களுக்கும் அனுமதி இருந்ததில்லை. வினாத்தாளில் உள்ளதை உள்ளபடி படிப்பதுதான் விதி.

7 ஏப்ரல் 2024

இரண்டாவது முறை நடந்தது அண்மையில். ‘இனப்படுகொலை ஒரு கட்டுக்கதை’ என்ற கூற்றுக்கு 30 வயதுக்குக் கீழான அமெரிக்கர்களில் 20 விழுக்காட்டினர் உடன்பட்டதாக எகானமிஸ்ட் இதழும் யூகவ் நிறுவனமும் 2023 டிசம்பரில் எடுத்த கணிப்பு சொன்னது. பியூ ஆய்வு மையம் அதே கூற்றைத் தன்னுடைய ஆட்களிடம் 2024 ஜனவரியில் கேட்டது. அந்த ஆட்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, கடிதம் அனுப்பிச் சேர்க்கப்பட்டவர்கள். அதே வயதினரில் உடன்பட்டவர்கள் 3 விழுக்காடு.

இம்முறை சொற்கள் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். தாமாக வந்து சேரும் இணையக் குழுக்களில், புள்ளிகளுக்காகவும் சிறு தொகைக்காகவும் படிவங்களை வேகமாக நிரப்புபவர்கள் உண்டு. இளம் வயது என்று பொய்யாகப் பதிந்துகொள்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குழுவிடம், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உரிமம் வைத்திருக்கிறீர்களா என்று பியூ மையம் ஒருமுறை கேட்டது. 30 வயதுக்குக் கீழ் என்று சொன்னவர்களில் 12 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

7 ஏப்ரல் 2024, இரவு

என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் படிக்கிறான். அவனும் செலவுக்காக இப்படிப் படிவம் நிரப்புகிறான் என்று தெரிந்ததால், எப்படி என்று காணொளி அழைப்பில் காட்டச் சொன்னேன். கிடங்கு வேலை முடிந்து வந்து, ஒரு கையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். இருபது கூற்றுகள் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றன. கட்டைவிரல் வலமிருந்து இரண்டாவதாக இருந்த ‘உடன்படுகிறேன்’ பத்தியிலேயே மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே போனது. முழுப் பக்கமும் முடிய அரை நிமிடம் ஆகவில்லை. ‘எதைப் பற்றி என்று படித்தாயா?’ என்றேன். ‘உணவகம் பற்றியது அத்தை’ என்றான். பிறகு மேலே தள்ளிப் பார்த்தான், காப்பீட்டைப் பற்றியது. அவன் முகம் சுருங்கிவிட்டது. நல்ல பிள்ளை, களைத்துப்போன பிள்ளை. காப்பீட்டுக்குப் பதிலாக அந்தப் பக்கத்தில் யூதர்களைப் பற்றிய கூற்று இருந்திருந்தால், அவனும் நாட்டுக்கு வந்த ஆபத்தாக எண்ணப்பட்டிருப்பான்.

21 ஏப்ரல் 2024

பழவண்டிக்கார பாயைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

எங்கள் தெருவில் ஏறத்தாழ நாற்பது வீடுகள். 2020 ஏப்ரலில் ஒரு காலை, முனையில் உள்ள வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து, ‘இனிமேல் இந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுவராதீர்கள்’ என்று அவரிடம் சொன்னார். எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். மற்ற வீடுகளில் கதவைத் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள், நானும் இருந்தேன். பாய் ஒன்றும் பேசாமல், கொய்யாப்பழங்களின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு வண்டியைத் திருப்பினார். மூன்று வாரம் வரவில்லை.

அந்த வாரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலோடு நான் எங்கள் தெருவில் கணிப்பு எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? ‘சிறிதளவு’ என்பதில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் விழுந்திருக்கும். தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, ஒன்றுமில்லாமல் சொல்வார்களா என்ற அளவில். அவர்களில் யாரும் பாயை விரட்டவில்லை. விரட்டியவை இரண்டு வீடுகள். நாற்பதில் இரண்டு என்றால் 5 விழுக்காடு. வண்டல் என்று நான் மேலே எழுதினேனே, அந்த அளவு.

இதனால்தான் என் வாதத்தை யாரும் ‘சதிக்கோட்பாட்டை நம்புபவர்களே கிடையாது, எல்லாம் கணிப்பின் மாயம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வீடுகளும் உண்மை. ஐந்தில் ஒருவர் என்று ஊதிச் சொன்னால், நானும் என் அண்டை வீட்டாரும் விரட்டியவர்களோடு சேர்த்து எண்ணப்படுவோம். எவரும் இல்லை என்று சொன்னால் பாய்க்கு நேர்ந்தது நேரவில்லை என்று ஆகிவிடும். நான் அந்தக் கதவருகே பேசாமல் நின்றது எந்தக் கட்டத்திலும் வராது.

22 ஏப்ரல் 2024

மூன்று வாரம் கழித்துப் பாய் வந்தாரா என்று கேட்டவர்களுக்கு: வந்தார். எங்கள் வீட்டில்தான் முதலில் நிறுத்தினார். என் தாயார் இரண்டு கிலோ வாங்கினார்.

5 மே 2024

‘குறை சொல்வது எளிது, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்’ என்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி.

ஸ்காட் கிளிஃபர்டு, யோங்குவாங் கிம், பிரையன் சல்லிவன் ஆகியோர் 2019-இல் இதற்காகவே ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கூற்றைக் கொடுத்து உடன்படுகிறீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, இரண்டு விளக்கங்களையும் எதிரெதிராக வைத்து எது சரி என்று கேட்பதே மேல் என்பது அவர்களின் முடிவு. எங்கள் வேலையில் இதை ‘ரெண்டையும் வச்சுக் கேளு’ என்போம். கொரோனாவைப் பற்றி என்றால் நான் இப்படிக் கேட்பேன்: ‘இந்தக் கிருமி எப்படி வந்தது என்பது பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். இயற்கையாகத் தோன்றிப் பரவியது என்கிறார்கள் சிலர். ஆய்வுக்கூடத்திலிருந்து தவறுதலாக வெளியேறியது என்கிறார்கள் சிலர். ஒரு கூட்டத்தார் திட்டமிட்டுப் பரப்பினார்கள் என்கிறார்கள் சிலர். இவற்றில் எது உங்கள் எண்ணத்துக்கு நெருக்கம்? அல்லது, இதைப் பற்றி நீங்கள் முடிவு செய்யவில்லையா?’ திட்டமிட்டுப் பரப்பினார்கள் என்பவரிடம் மட்டும், யார் என்று திறந்த கேள்வியாகக் கேட்பேன். பெயரை அவர் சொல்ல வேண்டும். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. யூதர் என்றோ முஸ்லிம் என்றோ அவர் வாயிலிருந்து தானாக வந்தால், அது அவருடைய எண்ணம்.

வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு போகும் நாங்கள்தான் பல வீடுகளுக்கு அந்த வதந்தியை முதன்முதலில் கொண்டுபோகிறவர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். படித்தவர்கள் கையில் தாளோடு வந்து கேட்டால், அதில் ஏதோ இருக்கும் என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார்.

6 மே 2024

‘முடிவு செய்யவில்லை’ என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ‘தெரியாது’ என்ற பதில் பத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் அன்றைய தாள்களைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி போய்க் கேட்டு வர வேண்டும். பேருந்துக் காசு நம் பொறுப்பு. ஆகவே ‘தெரியலையே’ என்றவர்களிடம், ‘ஏதாவது ஒன்று சொல்லுங்கள், சும்மா சொல்லுங்கள்’ என்று நானே கெஞ்சி வாங்கியிருக்கிறேன். அந்தப் பதில்கள் எத்தனை அறிக்கைகளில் விழுக்காடாக உட்கார்ந்திருக்கின்றனவோ. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தெரியாது என்பதும் ஒருவர் யோசித்துச் சொன்ன பதில்தான்.

9 மே 2024

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, ‘அப்படியானால் மக்களிடம் பேசலாம் என்கிறீர்களா?’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆமாம் என்கிறேன். ‘சிறிதளவு’ என்று தொட்டவர்களிடம் யாரும் இன்னும் பேசியே பார்க்கவில்லை.

2 ஜூன் 2024

லெஸ்டரிலிருந்து அண்ணன் மகன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுக்கு வந்த புதிய படிவம் ஒன்றில் ஒவ்வொரு வதந்திக்கும் முன்னால், இதைப் பற்றி இதற்கு முன் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி தனியாக இருந்தது. கேள்விப்பட்டதே இல்லை என்றால் அந்த வதந்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஒன்பது வதந்திகளில் ஏழுக்கு அதைத்தான் அழுத்தினானாம். ‘இந்த முறை எல்லாவற்றையும் படித்தேன் அத்தை, பதினான்கு நிமிடம் ஆயிற்று’ என்று கீழே எழுதியிருந்தான்.